பல் எடுத்த அன்று ராத்திரி வலி: எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு?

கோத்தகிரி மருந்துக்கடை
"ஸ்ட்ராங்கா ஒண்ணு கொடுங்க" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மணி பார்த்துப் போட்டால் சாதாரண மாத்திரையே போதும். கீழ்க்கடைவாய்க்குப் போட்ட ஊசியில் உதடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்திருக்கும். அது விடுவதற்குள் முதல் டோஸ் உள்ளே போயிருக்க வேண்டும். ஊட்டியில் பல்லை எடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீடு சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வலி முந்திக்கொள்ளும். ஆறின தயிர்சாதம் நாலு வாய் போதும். மரத்த பக்கம் மெல்லாமல் விழுங்கிவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400, கூடவே பாராசிட்டமால் 500. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு நாள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வலி மாத்திரை போட்டால் மூச்சிரைப்பு, இதில் ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபன் வேண்டாம்.

தப்பு நடப்பது அட்டையைப் படிக்காததால். அசிக்ளோபினாக் என்ற வலி மாத்திரையின் காம்போவில் பாராசிட்டமால் 325 ஏற்கெனவே இருக்கிறது. டோலோ 650-ம் பாராசிட்டமால்தான், அதன்மேல் அதையும் நினைத்தபோதெல்லாம் போட்டால் ஒரு நாள் உச்சவரம்பான 4 கிராமை நோக்கிப் போய்விடும். அசிக்ளோபினாக்கும் ஐபுபுரூஃபனும் ஒரே வகை, சேர்த்துப் போடக்கூடாது. நிமெசுலைடு என்ற வலி மாத்திரை 12 வயதுக்குக் கீழே 2011-லிருந்தே தடை. இன்னும் கேட்டு வருகிறார்கள்!

குன்னூர் பல் மருத்துவர்
மருந்துக்கடை அண்ணா சொன்னது சரி. ஊசியைப் பற்றி இரண்டு வார்த்தை. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடுதல், மரக்க வைக்கும் லிக்னோகெயின் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. அங்கேயே மேலும் மேலும் குத்தாமல், தள்ளி நரம்பு கிளம்பும் இடத்தில் போட வேண்டும். அட்ரினலின் கலந்த 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் லிக்னோகெயின். வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். ஜனவரி காலையில் மருந்துக் குப்பி சில்லென்று இருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, நிமிடத்துக்கு ஒரு மில்லி வேகத்தில் ஏற்றினால் எரிச்சல் குறையும்.

கூடலூர் செவிலியர்
டாக்டர், தைலத்தையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைக்கிறார்கள். ஈறு வெந்துபோகும், குழந்தை விழுங்கினால் வலிப்பே வரலாம். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அப்படித்தான், வெள்ளையாகப் புண்ணாகும்.

மூன்றாம் நாள் வலி குறையாமல் காது வரை ஏறினால், குழியில் ரத்தக்கட்டி கழன்றிருக்கும். பீடி, சிகரெட், ஓயாமல் எச்சில் துப்புவது எல்லாம் காரணம். அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்தாலே அன்றைக்கே அடங்கும். அதுவரை டீயில் நனைத்த வர்க்கியும் வேண்டாம், தூள் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.