எக்ஸ் சிஸ்டம்: ஒரே ஒரு பிட் படுத்திய பாடு

1998ல் ஒய்2கே (2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறு) வேலைக்காக அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன். மெயின்பிரேம் என்ற பெரிய கணினி, அதோடு இணைந்த ஐபிஎம் 3270 டெர்மினலின் பச்சைத் திரை. முகவரி மாற்றிவிட்டு என்டர் தட்டினால் சேமித்தாயிற்று என்று செய்தி வந்துவிடும், ஆனால் கீழ்வரியில் எக்ஸ் சிஸ்டம் என்று நிற்கும், கீபோர்டு செத்துக் கிடக்கும். டேட்டா என்ட்ரியில் இருந்த அம்மா என்டர், ரீசெட், என்டர், ரீசெட் என்று தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்றால், அப்படித்தானே செய்யணும் என்கிறார்!

கணினி திரைக்கு அனுப்பும் பைட்டுகளை டிரேஸ் எடுத்தேன். முதல் இரண்டு பைட், ஹெக்ஸ் எண்ணில், எஃப்1 சி1. எஃப்1 திரையில் எழுதச் சொல்லும் ரைட் கட்டளை, அடுத்தது டபிள்யூசிசி, எழுதும்போது கூடவே என்னென்ன செய்யணும் என்று சொல்லும் பைட். ஐபிஎம்மின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் அது வெறும் 'ஏ' என்றுதான் தெரியும், ஆனால் எழுத்தாகப் படித்தால் ஏமாந்தோம், அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு ஸ்விட்ச். ஐபிஎம் இடமிருந்து 0, 1, 2 என்று எண்ணும் (வலமிருந்து எண்ணி எத்தனை தடவை வழுக்கியிருக்கிறேன்). பிட் 5 பீப் அடிக்கும், 6 கீபோர்டைத் திறக்கும், 7 எம்டிடியை, அதாவது இந்த ஃபீல்டில் கை பட்டது என்ற குறியை அழிக்கும். சி1 என்றால் 11000001, பிட் 6 காலி.

முன்பு யாரோ 'பொறுங்கள்' என்று ஒரு திரையைப் பூட்டி அனுப்பி, அடுத்த திரையில் திறந்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது திரையைப் பிறகு வந்தவர் தூக்கிவிட்டார், பூட்டு மட்டும் மிச்சம்.

சரி, சி2 என்று மாற்றினேன், கீபோர்டு திறந்தது. மறுநாள் புது வம்பு: தொடாத ஃபீல்டுகளும் திருத்தம் என்று லாக்கில் ஏறியிருந்தன. ஒரு பிட்டைப் போட்டவன் இன்னொன்றைக் கழற்றியிருக்கிறேன், எம்டிடி அழியாததால் பழைய ஃபீல்டெல்லாம் ஒவ்வொரு என்டருக்கும் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. சி3 போட்ட பிறகுதான் அடங்கியது.

மறுமொழி:

எங்களுக்கு வந்தது பிட் 5, சார். ஒருவர் எல்லாத் திரைக்கும் சி7 போட்டுவிட்டார், நாற்பது டெர்மினல் இருந்த ஹாலில் நாள் முழுக்க பீப். சி3 ஆக்கி நிம்மதியாக உட்கார்ந்தால் போன் வருகிறது, "சத்தமே வரலையே, சேவ் ஆச்சா இல்லையா?"