மண் கூடா, காகிதக் கூடா? வீட்டுக் குளவிகளைப் பிரித்தறிய

நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. மஞ்சளும் கறுப்பும் பாதிக் குளவிகளுக்கு உண்டு. முதலில் கூட்டைப் பாருங்க. மண் கூடு என்றால் தனிக் குளவி, கூட்டைக் காக்கத் திரண்டு வராது. சுவரில் சாந்தை அப்பின மாதிரி இருந்தால் மண்குளவி. இடுப்பு நூல்போல நீண்டிருக்கும். மெட்ராஸ் பெயரைத் தாங்கிய செலிஃப்ரான் மத்ராஸ்படானம் இந்த வகைதான். அறையை உடைத்தால் உள்ளே மயங்கிக் கிடக்கும் சிலந்திகள். கழுத்து வைத்த குட்டிப் பானையாக இருந்தால் வேறு குளவி, அதற்குள் புழுக்கள் இருக்கும். உருண்டை ஓட்டை விழுந்த கூடு பெரும்பாலும் காலி. பட்டித் தகட்டால் சுரண்டிவிடலாம்.

—

மண் கூட்டைப் பற்றி மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கணும்: பிளக் ஓட்டையில் மண் அடைத்திருந்தால் கம்பி விடாதீங்க. எம்சிபியை (மீட்டர் பலகையில் உள்ள மின்துண்டிப்பு சுவிட்சை) அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு காய்ந்த மூங்கில் குச்சியால் நோண்டுங்க. பிளாஸ்டிக் மூடி போட்டால் மறுபடி கட்டாது.

—

எட்டி நிற்கவேண்டியது காகிதக் கூட்டிடம். அறுகோண அறைகள் வெளியே தெரிய, காம்பில் தொங்கினால் காகிதக் குளவி. செம்பழுப்பு உடல், வயிற்றில் மஞ்சள் கோடு இருந்தால் ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டு ஆராய்ந்தது இதைத்தான். ஜன்னல் கதவுக்குப் பின்னால் கட்டும், கதவைப் படாரென்று திறந்தால் கொட்டும்.

அறைகளை மூடி உறை இருந்தால் கதண்டு. சில ஊர்களில் கடந்தை. வயிற்றின் முன்பாதி ஆரஞ்சு, பின்பாதி கறுப்பு என்றால் வெஸ்பா அஃபினிஸ். கறுப்பில் ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் வெஸ்பா டிராபிகா. பின்னது காகிதக் குளவிக் குஞ்சுகளைத் தின்ன வரும். அதனால் அது சன்ஷேடைச் சுற்றுகிறது என்பதற்காக அதன் கூடும் அங்கேயே இருக்கும் என்றில்லை. கதண்டுக் கூட்டுக்குத் தீப்பந்தம் வேண்டவே வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்க.

—

குளவி கொடுக்கை விட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்க. முகம் வீங்கினால், மூச்சு இளைத்தால் உடனே 108. கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால் வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். சிறுநீரகம் பிறகு கெடலாம். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அதுதான் அறிகுறி.

—

குளியலறைச் சுவரில் கறுப்பாக, குட்டி வயிற்றை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும் குளவியை அடிக்காதீங்க. அது மனுஷரைக் கொட்டாது, கரப்பான் முட்டைப் பைக்குள் முட்டையிடும் இனம். அது வந்தால் சிங்க்குக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் கரப்பானைத் தேடுங்க.