பாக்ஸ்டர் 987: சில நாள் காலையில் மட்டும் சைலன்சரில் நீலப் புகை

கேள்வி | கோட்டைமலை

வணக்கம். 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் (987-ங்கற தலைமுறை), 2.7 லிட்டர், மேனுவல் கியர். பெங்களூருல செகண்ட் ஹேண்டா வாங்கி இப்போ கிருஷ்ணகிரியில ஓடுது. 68,000 கி.மீ. ஆகியிருக்கு. சில நாள் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் நீலமும் சாம்பலும் கலந்த புகை குப்புனு வருது, அரை நிமிஷத்துல சுத்தமா நின்னுடுது. ஓடும்போது புகை இல்ல, இழுவை குறையல, வார்னிங் லைட் எதுவும் எரியல. வண்டி நிக்கிற இடம் சரிவு, இடது பக்கச் சக்கரங்கள் தாழ்வா இருக்கும். ஆயில் டிஸ்ப்ளேல மேல் கோடு வரைக்கும் காட்டுது. மெக்கானிக் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம்) போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்ங்கறார். அதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

பதில் | தொப்பூர் இறக்கம்

இப்போதைக்குப் பிரிக்க விடாதீங்க. இது ஃபிளாட் சிக்ஸ் இன்ஜின். ஆறு சிலிண்டரும் படுத்த வாக்குல, பக்கத்துக்கு மூணா இருக்கு. நிமிர்ந்த இன்ஜின்ல ஆஃப் பண்ணினதும் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் சேர்ற தொட்டிக்கு, வடிஞ்சிடும். இதுல வடிய வழி இல்லாம சிலிண்டரோட அடிப்பக்கத்துல தேங்கி, ரிங் இடைவெளி வழியா கொஞ்சம் எரிப்பறைக்குள்ள கசியும். மறுநாள் ஸ்டார்ட் பண்ணும்போது அது எரிஞ்சுதான் புகையா வருது. எந்த பிஸ்டன் எந்த நிலையில நின்னுச்சுங்கறது ஒவ்வொரு தடவையும் மாறும். அதனாலதான் தினமும் வராம சில நாள் மட்டும் வருது.

உங்க வண்டி இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்கறதால அந்தப் பக்க மூணு சிலிண்டர்ல ஆயில் கூடுதலா தேங்கும். ஒரு வாரம் சமதளத்துல நிறுத்திப் பாருங்க. இன்னொண்ணு, ஷெட்டுல இருந்து வெளியே எடுக்க மட்டும் ஸ்டார்ட் பண்ணி உடனே ஆஃப் பண்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. அடுத்த ஸ்டார்ட்ல புகைக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டிட்டுத்தான் நிறுத்தணும்.

ரிங் தேய்ஞ்சிருந்தா புகை காலையோட நிக்காது. ஏத்தத்துல முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் வரும், ஆயிலும் வேகமா குறையும். வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியா ஆயில் உள்ளே இறங்காம தடுக்கிற ரப்பர்) கெட்டிருந்தா ஆக்ஸிலரேட்டரை விட்டு நீண்ட இறக்கம் இறங்கிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலமா வரும். தர்மபுரியில இருந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறங்கினாலே இது தெரிஞ்சிடும். லாரிகள் நெருக்கியடிக்கிற ரோடு, அதனால வேகமே வேண்டாம். குறைந்த கியர்ல இன்ஜின் பிரேக்ல இறங்கி, சமதளம் வந்ததும் மெதுவா மிதிங்க. பின்னால இன்னொரு வண்டியில வர்றவர் புகையைப் பார்க்கட்டும்.

பதில் | காவேரிப்பட்டணம் மாம்பழம்

மேலே சொன்னது சரி, ஆனா வரிசையை மாத்திக்குங்க. கணவாய்க்குப் போறதுக்கு முன்னாடி ஏர் ஆயில் செபரேட்டரைச் சோதிக்கணும். இன்ஜினுக்குள்ள இருந்து இன்டேக்குக்குப் போற காத்துல கலந்த ஆயிலைப் பிரிக்கிற பாகம் அது. அதுக்குள்ள இருக்கிற டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருந்தாலும் இறக்கத்துக்கு அப்புறம் புகை வரும். அதை வால்வு சீல்னு நினைச்சு ஹெட்டைக் கழட்டினா பணம் வீண்.

இன்ஜின் சூடா ஐடில்ல இருக்கும்போது ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க. லேசா உறிஞ்சறது இயல்பு. மூடி வெளியே வராத அளவுக்கு இறுக்கிப் பிடிச்சாலோ, விசில் சத்தம் கேட்டாலோ டயாஃப்ரம் போயிடுச்சு.

அளந்தே பார்க்கலாம். பழைய மூடி ஒண்ணுல ஓட்டை போட்டு டியூபை காற்றுப் புகாம ஒட்டுங்க. அந்த டியூப் 2 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியற பிளாஸ்டிக் டியூபா இருக்கட்டும். அதை யு வடிவத்துல மடிச்சுக் கட்டி, பாதி வரைக்கும் தண்ணி ஊத்துங்க. மறுமுனை திறந்தே இருக்கணும். ஐடில்ல ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் வித்தியாசம் 10 முதல் 15 செ.மீ. இருந்தா செபரேட்டர் நல்லா இருக்கு. 20 செ.மீ. தாண்டினா மாத்தியாகணும். டியூபோட ஒவ்வொரு காலும் அரை மீட்டராவது உயரம் இருக்கட்டும். குட்டையா இருந்தா தண்ணியையே இன்ஜின் இழுத்துக்கும்.

கோட்டைமலை

நன்றி அண்ணா. மூடி சுலபமா திறக்குது, விசில் இல்ல. ஆயில் மேல் கோட்டுல இருக்கறதால ஏதாவது பாதிப்பு உண்டா?

பதில் | காவேரிப்பட்டணம் மாம்பழம்

உண்டு, முதல்ல சரி பண்ண வேண்டியதே அதுதான். 987-ல டிப்ஸ்டிக் கிடையாது, டிஸ்ப்ளேயை மட்டும்தான் நம்பணும். சரிவுல நிக்கும்போது அது தப்பா காட்டும். குறைவுன்னு நினைச்சு யாராவது ஊத்தியிருந்தா நிஜ அளவு கூடியிருக்கும். கூடுதல் ஆயில் செபரேட்டர் வழியா இன்டேக்குக்குப் போய் எரியும், செபரேட்டரும் சீக்கிரம் கெடும். வண்டியை நல்லா ஓட்டி, பெட்ரோல் பங்க் மாதிரி சமதளத்துல நிறுத்தி, ஆயில் வடிய நேரம் கொடுத்து அளங்க. மேல் கோட்டுக்கு ஒரு கட்டம் கீழே இருந்தா போதும். அதிகமா இருந்தா 8 மி.மீ. ஆலன் கீயால டிரெய்ன் போல்ட்டைத் திறந்து வடிச்சுட்டு, புது வாஷர் போட்டு 50 நியூட்டன் மீட்டர்ல இறுக்குங்க.

பதில் | தொப்பூர் இறக்கம்

இதையெல்லாம் முடிச்சும் சந்தேகம் இருந்தா லீக்டவுன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்தி, எத்தனை சதவீதம் கசியுதுன்னு அளக்கறதுதான் அது. ஆறு சிலிண்டரும் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. ஒண்ணு மட்டும் 20 தாண்டினா பிளக் ஓட்டை வழியா போரோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) விட்டு சிலிண்டர் சுவர்ல கோடு விழுந்திருக்கானு பார்க்கணும். இன்ஜினைப் பிரிக்கிற பேச்சு அதுக்கப்புறம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. என்னைக்காவது புகை நிக்காம, தெருவே மறையற மாதிரி வெள்ளையா கொட்டினா உடனே ஆஃப் பண்ணிடுங்க, மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. செபரேட்டர் முழுசா கிழிஞ்சு ஆயில் சிலிண்டருக்குள்ள நிறைஞ்சா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். வண்டியை டோ பண்ணித்தான் கொண்டு போகணும்.