மறுமொழி: ‘நிணநீர் வடிகாலமைப்பு உருவல்’ வேண்டாமே

வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிணநீர் (lymph, உடல் திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) தேங்கிக் கை வீங்கினால் செய்யும் மசாஜுக்கு, நோயாளர் துண்டுப்பிரசுரத்துக்காக ‘கைமுறை நிணநீர் வடிகாலமைப்பு உருவல்’ (manual lymphatic drainage) என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. ‘வடிகாலமைப்பு’ என்றதும் இங்கே இலங்கையில் தண்ணீர் பில் அனுப்பும் சபைதான் நினைவுக்கு வரும். சரி, ‘வடிப்பு’ என்று சுருக்கலாமா? ஒப்பரேஷன் முடிந்தவுடன் குழாயும் போத்தலும் வைத்து நீர் வடித்தார்களே, மறுபடி அதுதானோ என்று பயந்துவிடுவார்கள்.

இவற்றைவிட ‘உருவல்’ ஆபத்து. ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் உருவுவது என்றால் சுளுக்குக்கு எண்ணெய் போட்டுப் பெருவிரலால் அழுத்தி இழுப்பது. லயத்திலேயே (தோட்டக் குடியிருப்பு வரிசையிலேயே) அதற்கென்று கைராசிக்காரர் ஒருவர் இருப்பார். துண்டுப்பிரசுரத்தில் உருவல் என்று எழுதினால் நேரே அவரிடம்தான் போவார்கள். ஆனால் நிணநீரை உறிஞ்சும் நுண்குழல்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. தோல் மெல்ல இழுபட்டுத் திரும்பினால் போதும், எண்ணெய் போட்டால் கை வழுக்கிவிடும். வீங்கிய கையில் தொடங்குவதும் இல்லை. முதலில் கழுத்து, பிறகு மறுபக்க அக்குள், நெஞ்சு. அப்புறம்தான் தோள், மேற்கை, கடைசியில் விரல்கள். சத்திரசிகிச்சையில் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் அடைபட்ட நீருக்கு வேறு வழி திறந்துவிட்டே அதை நகர்த்துகிறார்கள். டென்மார்க்கின் வோடர் தம்பதியர் 1930களில் வகுத்த முறை இது.

என் முன்மொழிவு ‘நிணநீர் நீவல்’. பிள்ளைக்கு வயிறு நீவிவிடும் கை எவ்வளவு மெதுவானது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘மெல்ல நீவுங்கள்’ என்று வினையாகவும் வரும், வீட்டில் தானே செய்வது ‘தன்நீவல்’. ‘கைமுறை’ என்ற முன்னொட்டு எதற்கு? காற்றழுத்த இயந்திரத்திலிருந்து பிரித்துக்காட்ட என்றால், இயந்திரம் நீவாது, அமுக்கும்.

கவ்வாத்துக் குச்சி கீறியோ அட்டை கடித்தோ கை சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்தால் நீவவே கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த வரி பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நீவிய பிறகு நீர் திரும்பாமலிருக்கப் போடும் இறுக்கமான உறைக்கு அதே முன்மொழிவில் ‘அழுத்தக் கையுறை’ என்று வந்திருக்கிறது. அது மணிக்கட்டிலிருந்து தோள்வரை வருவது. கையுறை என்றால் விரல்களுக்கு மட்டும் மாட்டிக்கொள்வார்களே. ‘அழுத்தக் கைக்குழல்’ சரிவருமா?