ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பின்பக்க டிஃபரன்ஷியலை இறக்குவது எப்படி?

வைகைக்கரை:
வணக்கம். திருமங்கலத்தில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றிருந்த 1968-ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரை ஒருவழியாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். விருதுநகர் சாலையில் வேகம் கூட்டும்போது பின்பக்கத்தில் ஊளைச் சத்தம் கேட்கிறது; ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்குகிறது. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், ஷாஃப்ட் நுழையும் இடத்திலுள்ள பினியன் சீலில் எண்ணெயும் கசிகிறது. திண்டுக்கல்லில் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் டிஃபரன்ஷியல் ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்கிறார் பட்டறைக்காரர். வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ஆனையூர் ஃபிட்டர்:
தம்பி, இறக்கும் முன் எண்ணெய் அளவைப் பாருங்கள். நிரப்பும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். மொத்தமே அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் பிடிக்கும் என்பதால், சிறு கசிவே பற்களை உலர்த்திவிடும். கியர் மாற்றும்போது 'டக்' என்று அடித்தால் கிராஸ் (ஷாஃப்ட்டுகளை இணைக்கும் மூட்டு) தேய்ந்திருக்கலாம். நீங்கள் சொல்வது இழுவைக்கு ஏற்ப மாறும் ஊளை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் மீதே எனக்குச் சந்தேகம்.

இறக்குவதில் கவனிக்க வேண்டியது இரு பின்சக்கரங்களுக்கும் பொதுவான குறுக்குப் பட்டை ஸ்பிரிங். அது டிஃபரன்ஷியலின் தலையில் ஆறு ஸ்டட்களால் (தலையில்லாத மரைக் கம்பிகள்) பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துக்கொள்வது ஷாக் அப்சார்பர். ஆகவே சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, அச்சுத் தாங்கியின் அடியில் ஜாக்கி கொடுத்த பிறகே ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுங்கள். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கிப் பட்டையின் விசையைத் தளர்த்துங்கள். பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஜாக்கி கொடுக்காமல் அந்தப் போல்ட்டை உருவினால் பட்டை கீழ்நோக்கி அடிக்கும், கை தப்பாது.

அதன்பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு நான்கு, இரு அரை ஷாஃப்ட்டுகளுக்கும் நான்கு நான்கு போல்ட்டுகள். ஃபிளாஞ்சுகளில் (போல்ட் பூட்டும் இணைப்புத் தட்டுகள்) பெயிண்ட்டால் அடையாளமிட்டுக் கழற்றுங்கள். சைலன்சர் குழாய் இடைஞ்சலாக இருக்கும், எடுத்துவிடுங்கள். இருக்கைகளின் பின்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள தகட்டு மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் நட்டுகள் கைக்கு எட்டும். கடைசியாக, அடியில் பலகை வைத்த ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, முன்பக்கத் தாங்கிகள் இரண்டையும் பின்பக்க நீள போல்ட்டையும் எடுத்து இறக்குங்கள். ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டாம்.

பழங்காநத்தம்வாசி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இவை அங்குல நட்டுகள். நம் பட்டறைகளில் கைக்குக் கிடைக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் பொருந்துவதுபோல் ஏமாற்றும். துருப்பிடித்த நட்டின் முனைகள் மழுங்கிப்போகும்.

ஹெரால்டு விஷயத்தில் பட்டறைக்காரர் சொல்வது பாதிதான் உண்மை. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்த வண்டிதான். ஆனால் உங்கள் காரின் டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற பினியன் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4.11, 948 சி.சி. ஹெரால்டுக்கு 4.875. மாற்றினால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதலாகச் சுழல வேண்டும். ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சோதிப்பது எளிது: ஒரு பக்க ஃபிளாஞ்சை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பினியன் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள்.

வைகைக்கரை:
நேற்று திண்டுக்கல் சென்று அந்த டிஃபரன்ஷியலை நீங்கள் சொன்னபடி சுழற்றிப் பார்த்தேன். எண்ணிக்கை ஐந்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. வாங்கவில்லை. நம் காரில் எண்ணெய் பாதிக்கும் கீழே இருந்தது. நிரப்பிய பிறகும் ஊளை தொடர்வதால் இறக்கியே ஆக வேண்டும். ஸ்பிரிங் நட்டுகள் கழன்றுவிட்டன, ஆனால் உயரமான ஸ்டட்கள் தடுக்கின்றன.

ஆனையூர் ஃபிட்டர்:
ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு கீழ் நட்டை ஸ்பேனரால் திருப்பினால் ஸ்டட்டே கழன்று வரும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். குறடு போட்டுத் திருகினால் மரை போய்விடும்.