எம்.ஆர்.ஐ. இயல்பாக இருக்கும்போது மூளைக்குப் பெட் ஸ்கேன் எதற்கு?

கேள்வி (தங்கச்சிமடம்):
என் தங்கைக்கு வயது 21. ஒரு மாதத்துக்கு முன் உறக்கம் கெட்டு, தொடர்பில்லாமல் பேசத் தொடங்கினாள். காத்துக்கருப்பு என்று எண்ணி ஏர்வாடி தர்காவில் நான்கு இரவுகள் தங்கவைத்தோம். அங்கே எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்துக்கொண்டும், கையில் ஓலை இல்லாமலே ஓலை முடைவதுபோல விரல்களை ஓட்டிக்கொண்டும் இருந்தவளுக்கு வலிப்பும் வந்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டு சென்றோம். எம்.ஆர்.ஐ.யில் குறை ஒன்றும் இல்லை. தண்டுவட நீரில் கிருமியும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் மூளையழற்சியாக இருக்கலாம் என்று ஆன்டிபாடி பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, இப்போது மூளைக்குப் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அது புற்றுநோய்க்கு எடுப்பதல்லவா என்று மாமா கேட்கிறார். விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (பெட் ஸ்கேன் பிரிவில் பணிபுரிபவர்):
தம்பி, துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகுகளைப் படம் எடுத்தால் எல்லாம் நல்ல படகாகத்தான் தெரியும். எந்த எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பது படத்தில் தெரியாது. எம்.ஆர்.ஐ. காட்டுவது படகை, பெட் காட்டுவது டீசலை. மூளையின் எரிபொருள் குளுக்கோஸ் என்பதால், கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ் போன்ற பொருளை நரம்பில் ஏற்றி, எந்தப் பகுதி அதை அதிகமாக இழுக்கிறது, எது இழுக்காமல் கிடக்கிறது என்று பார்க்கிறோம். உங்கள் தங்கைக்குச் சந்தேகப்படுவது, மூளை நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியை ஆன்டிபாடி தாக்கும் வகையாக இருக்கலாம். அந்த வகையில் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதி வெகுவாக மங்கித் தெரிவதை, எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்தவர்களிடமும் கண்டிருக்கிறார்கள்.

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஊசி போட்ட பின் மங்கலான அறையில் பேசாமல், செல்போன் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும். மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால், குறித்த நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஏறினால் இரத்தச் சர்க்கரை கூடி, படம் தெளிவு குறையும். உறக்க மருந்து மூளையின் வேகத்தையே குறைத்துவிடும். எது எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.

பதில் 2 (கீழக்கரை):
என் வாப்பாவுக்கு வந்தது எல்.ஜி.ஐ.1 என்ற வேறு வகை. முகமும் ஒரு பக்கக் கையும் சில விநாடிகள் சுண்டி இழுக்கும். ஒரு நாளில் நாற்பது முறைகூட எண்ணியிருக்கிறேன். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததால், முதலில் காட்டிய இடத்தில் உப்பு ஏற்றி மூன்று முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. பிறகு எடுத்த பெட் படத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்ளியா விளக்கேற்றியதுபோல ஒளிர்ந்தது.

பதில் 3 (நரம்பியல் மருத்துவர்):
மேலே சொன்னவை சரியானவையே. ஆனால் பெட் படத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஓயாத வலிப்பும் ஒரு பகுதியை ஒளிரச் செய்யும். படம் இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. 2016இல் வெளியான வழிகாட்டு நெறிகளில், நினைவுப் பகுதியைத் தாக்கும் லிம்பிக் வகைக்கு மட்டும், எம்.ஆர்.ஐ. காட்டத் தவறியதைப் பெட் காட்டினால் அதை ஏற்கலாம் என்று இருக்கிறது. ஸ்கேன் தேதிக்காகவோ ஆன்டிபாடி முடிவுக்காகவோ சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரண்டைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். முதலாவது, ஆன்டிபாடிக்கு இரத்தம் மட்டும் போனதா, தண்டுவட நீரும் போனதா? என்.எம்.டி.ஏ. வகையில் இரத்தத்தில் அகப்படாதது தண்டுவட நீரில் அகப்படுவதுண்டு. இரண்டாவது, இளம் பெண்களுக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். பெட் ஸ்கேனில் அது தெரியாமல் போகலாம் என்பதால், இடுப்புப் பகுதிக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. தனியாகத் தேவை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. விசாரித்தேன், இரத்தம் மட்டுமே போயிருந்தது. முன்பு எடுத்த தண்டுவட நீரில் கொஞ்சம் எடுத்துவைத்திருந்ததால், இன்று மாலை அதையும் அனுப்பிவிட்டார்கள். ஸ்டீராய்டு நேற்றே தொடங்கிவிட்டது, வேளையைக் குறித்துவைத்திருக்கிறேன். ஸ்கேன் வியாழக்கிழமை காலை.