எபிரெயர் 6-ஐப் பாட்டிக்கு எப்படி விளக்குவது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். படுக்கையில் இருக்கும் என் 84 வயதுப் பாட்டி, ‘இரட்சிப்பை இழந்துவிட்டேனோ?’ என்று இரவெல்லாம் கலங்குகிறார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவர்!

யோவான் 10:28-ஐ வாசித்துக் காட்டினேன்: ஆடுகளை ஒருவரும் இயேசுவின் கையிலிருந்து பறிக்க முடியாது. ‘பிறர் பறிக்க மாட்டார்கள், சரி, நானே விலகியிருந்தால்?’ என்று விசுவாசத்தைவிட்டு விலகியவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாத காரியம் என்னும் எபிரெயர் 6:4-6-ஐச் சொல்லி மடக்கிவிட்டார். வேத வாதத்தில் அவரை ஜெயித்தவர் எங்கள் வீட்டில் இல்லை.

கொலோசெயர் 2:15 மட்டும் சற்று ஆறுதல் தந்தது. ரோமத் தளபதி தோற்ற பகைவரை ஊர்வலத்தில் இழுத்துவருவதுபோல, கிறிஸ்து தீய அதிகாரங்களைச் சிலுவையில் வென்று வெளியரங்கமான கோலமாக்கினார் என்றேன், சிரித்தார். மறுநாள் மீண்டும் அதே பயம்.

முதியவர்களோடு இதைப் பேசிய போதகர்கள், ஊழியர்கள் யாராவது எபிரெயர் பகுதியை எளிமையாகச் சொல்லும் வழியை எழுதுங்கள். இரட்சிப்பை இழக்க முடியாது என்னும் கால்வினியமா, இழக்கக்கூடும் என்னும் அர்மீனியமா என்ற சண்டை இப்போது வேண்டாம். பாட்டி தூங்க வேண்டும்.